41க்கு 38: டிஃப் மாற்றிய மொரிஸ் மைனரின் ஸ்பீடோமீட்டர்

வண்டி மொரிஸ் மைனர் 1000. 948 சிசி இன்ஜின் இறங்கி 1098 சிசி ஏறிய கையோடு, பின் அச்சில் இருந்த 4.55 டிஃப் (டிஃபரன்ஷியல், இன்ஜினின் சுற்றைக் குறைத்துப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) போய் 4.22 வந்தது. ஸ்பீடோமீட்டர் மட்டும் பழையதே. இப்போது முள் 30 மைலைக் காட்டினால் வண்டி உண்மையிலேயே 30இல் போகிறது, மைல் கணக்கும் சரியாக ஓடுகிறது. அதற்கு முன் முள்ளை நகர்த்திப் பார்த்தது, சூத்திரத்தை நம்பியது, தலைகீழாகச் சுற்றும் பெட்டி செய்தது என்று மூன்று வேலைகள் வீணாகின. அவையும் கீழே வரிசையில் இருக்கின்றன.

மைனரின் மீட்டர் கேபிள் கியர்பொக்ஸின் வால் பகுதியிலிருந்து புறப்படுகிறது, டிஃப்புக்கு முன்னாலேயே. அதனால் பின்னால் என்ன மாற்றினாலும் மீட்டருக்குத் தெரியாது. 4.55 என்பது டிஃப்பின் சிறிய பல்சக்கரமான பினியனில் 9 பல், பெரிய பல்சக்கரமான கிரவுனில் 41 பல். 4.22 என்பது 9, 38. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பொக்ஸிலிருந்து டிஃப்புக்குப் போகும் புரொப்பெலர் ஷாஃப்ட் முன்பு நாலரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றியது, இப்போது நாலேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. கேபிளும் அதே அளவு மெதுவாகிவிட்டதால் முள் குறைத்துக் காட்டும். மீட்டர் கூட்டிக் காட்டினால் சிரித்துவிட்டுப் போகலாம். குறைத்துக் காட்டுவது அப்படியல்ல. முள் 30 மைலில் நிற்க, வண்டி மணிக்கு 52 கிலோமீற்றரில் போகும். இலங்கையில் ஊருக்குள் காருக்கு 50தான் எல்லை.

மலைக்கு 4.55 தான் இதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1098இன் இழுவை இருப்பதால் 4.22 தாங்குகிறது. 948ஐ வைத்துக்கொண்டு இந்த டிஃப்பைப் போட்டால் நுவரெலியாவுக்கு ஏறும் ரம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரே கதி. கீழே அவிசாவளைப் பக்கம் இறங்கி ஓடும்போதுதான் இன்ஜினின் சத்தம் குறைந்து மாற்றத்தின் பலன் தெரியும்.

உள்ளே எந்த டிஃப் இருக்கிறது என்று திறக்காமலே பார்க்கலாம், ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, மற்றது தரையில் நிற்க, தூக்கிய சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் கிரவுன் அரைச் சுற்றுத்தான் போகும். ஆகவே சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, ஷாஃப்ட்டில் போட்ட சோக்குக் குறி எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்தியவர்களுக்கு 2.1 என்று விடை வந்து, இது என்ன டிஃப் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். சக்கரங்களுக்கு அடை போட்டு, கியர் நியூட்ரலில் இருந்தால்தான் இந்த வேலை. வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கும்போது கீழே படுக்க வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள்.

முதல் வீண்வேலை, முள்ளைப் பிடுங்கி இரண்டு மைல் மேலே வைத்தது. 30க்குச் சரியாக வந்ததால் முடிந்தது என்று தோன்றியது. உண்மை வேகம் 15 ஆக இருந்தபோது மீட்டர் 16ஐத் தாண்டிக் காட்டியது, 50இல் 49ஐக்கூட எட்டவில்லை. பிழை பெருக்கலில் இருக்கிறது. முள்ளை நகர்த்துவது கூட்டல். இரண்டும் ஒரே ஓர் இடத்தில்தான் சந்திக்கும்.

கொழும்பில் மீட்டர் பார்க்கும் கடைகளில் முள்ளை இழுக்கும் காந்தத்தையோ அதைத் திரும்ப இழுக்கும் மயிர்ச்சுருளையோ திருத்தி முள்ளைச் சரியாக்கித் தருவார்கள். அதில் முள் எல்லா வேகத்திலும் சரிவரும். ஆனால் மைல் எண்ணும் சக்கரங்கள் காந்தத்தைப் பார்ப்பதில்லை, கேபிளிலிருந்து புழுப்பல் வழியாக நேரே ஓடுகின்றன. முள் சரி, கணக்குப் பிழை என்று ஆகிவிடும். 3,000 மைலுக்கு ஒயில் மாற்றுகிறோம் என்று நினைக்கையில் உண்மையில் 3,231 மைல் ஓடியிருக்கும். பெற்றோல் கணக்கும் அதே அளவு பிசகும். முள்ளும் கணக்கும் ஒன்றாகத் திருந்த வேண்டுமானால் மீட்டருக்கு வரும் கேபிளின் வேகத்தையே திருத்த வேண்டும்.

எவ்வளவு திருத்துவது? ஸ்மித்ஸ் கம்பனி செய்த இந்த வகை மீட்டரின் முகப்பில் கீழே, சிறு எழுத்தில் ஓர் எண் இருக்கும். இந்த மீட்டரில் 1472. ஒரு மைல் ஓடும்போது கேபிள் அத்தனை தடவை சுற்றினால் மீட்டர் சரி என்று பொருள். எல்லா வண்டியிலும் அதே எண் இராது, உங்களுடையதை டோர்ச் அடித்துப் படியுங்கள். அந்த எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு: மணிக்கு 60 மைல் என்பது நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே கேபிள் நிமிடத்துக்கு 1472 சுற்றுச் சுற்றினால் முள் 60இல் நிற்க வேண்டும், 736இல் 30. மீட்டரை மேசையில் வைத்துச் சோதிக்க இது போதும்.

வண்டியில் கேபிள் உண்மையில் எத்தனை சுற்றுகிறது என்று பார்க்கப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. பின்சக்கரம் 6 சுற்றுச் சுற்றக் கேபிள் சுற்றியதை 1680ஆல் பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரை வரை உள்ள அங்குலத்தால் வகுப்பது. இங்கே 6 சுற்றுக்குக் கேபிள் 9.375, உயரம் 11.2 அங்குலம். விடை 1406. அதை நம்பியதுதான் இரண்டாவது வீண்வேலை. ரேடியல் டயர் நிற்கும்போது அடியில் சப்பையாகும். மையத்திலிருந்து தரைக்கு உள்ள உயரம் குறைகிறதே தவிர, உருளும் தூரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. இந்த வண்டியில் இருப்பது 155/80 ஆர் 14. நாடாவால் உருட்டி அளந்தபோது 1406 அல்ல, 1366 வந்தது. கிட்டத்தட்ட 3 வீத வித்தியாசம், திருத்த வேண்டிய மொத்தப் பிழையில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு.

உருட்டி அளக்கச் சமதரை வேண்டும், மலைநாட்டில் அதுதான் அருமை. வீதியில் எங்கே நிறுத்தினாலும் ஒரு பக்கம் ஓடப் பார்க்கும். கொழுந்து லொறி திரும்பும் தேயிலைத் தொழிற்சாலை முற்றம் இதற்கு ஏற்றது. கொங்கிறீட்டும் தண்ணீர் வடியச் சற்றுச் சாய்ந்திருக்கும், அதனால் போகவும் வரவும் இரண்டு தடவை அளக்க வேண்டும். நான்கு டயருக்கும் வழக்கமான காற்று, முன்னால் ஓட்டுநர் அமர்ந்தபடி. மீட்டரின் பின்னால் உள்ள, விளிம்பில் வரிவரியாக வெட்டிய நட்டைக் கழற்றிக் கேபிளை வெளியே இழுத்து, உள்கம்பியின் நுனியில் ஒட்டுத்தாளால் கொடிபோல ஒரு துண்டு கட்டி, பின்னால் நாலு கோடு போட்ட அட்டை ஒன்று. பின்டயரின் பக்கச்சுவரில் சோக்குக் கோடு, அதற்கு நேரே தரையிலும் கோடு, தூக்குக்குண்டு பிடித்து. கியர் நியூட்ரல். இரண்டு பேர் மெதுவாகத் தள்ள, உள்ளே இருப்பவர் கொடியை எண்ண, வெளியே ஒருவர் சக்கரத்தை எண்ண வேண்டும்.

சக்கரம் 20 சுற்று, தூரம் 36.80 மீற்றர், கேபிள் 31¼ சுற்று. திரும்பி வரும்போதும் அதே 31¼. ஒரு மைல் 1609.34 மீற்றர். 31.25ஐ 36.80ஆல் வகுத்து 1609.34ஆல் பெருக்கினால் 1366.6. மீட்டர் கேட்பது 1472. வேண்டிய விகிதம் 1.0771. பல் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் 41/38, அதாவது 1.0789. இந்தச் சிறு வித்தியாசம் டயருடையது. 6 சுற்றோடு நிறுத்தியிருந்தால் கொடியின் கால் சுற்றுப் பிழையே 2.7 வீதமாகியிருக்கும். 20 சுற்றில் அது 0.8. இடம் இருந்தால் 40 சுற்றுத் தள்ளுங்கள்.

விகிதம் கையில் வந்ததும் கணக்குப் புத்தகத்தில் கண்ணில் பட்டது 28/26. 1.0769. இதைவிட நெருக்கமாக வராது. 28 பல் ஒன்று, 26 பல் ஒன்று, ஒரு சிறு அலுமினியப் பெட்டி. பற்களை வெட்டக் கொடுத்தபோது லேத் பாஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, இது எந்தப் பக்கம் சுத்தணும்?” சுற்றினால் போதும் என்பதுதான் பதில். பெட்டி தயாராகி மேசையில் துளைக்கும் மெஷினால் சுற்றியபோது முள் பூச்சியத்தின் ஆணியில் போய் முட்டிக்கொண்டு நின்றது, மைல் எண்கள் பின்னோக்கி உருண்டன. இரண்டு பல்சக்கரம் கடித்தால் திசை மாறும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். விகிதத்தைப் பார்த்த கண் அதைப் பார்க்கவில்லை.

திசை மாறாமல் இருக்க வழி இரண்டு. நடுவில் ஒரு வெற்றுச் சக்கரம் வைக்கலாம், விகிதம் அப்படியே இருக்கும். ஆனால் மூன்றும் ஒரே வரிசையில் வந்தால் பெட்டி அகலமாகும், உள்ளே வரும் கேபிளும் வெளியே போகும் கேபிளும் நேர்கோட்டில் இரா. மற்ற வழி, இரண்டு ஜோடி: 27 பல் 26ஐச் சுற்ற, அந்த 26 இருக்கும் அடித்தண்டிலேயே உள்ள இன்னொரு 27 இன்னொரு 26ஐச் சுற்றும். 27/26ஐ 27/26ஆல் பெருக்கினால் 1.0784. வேண்டியது 1.0771. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல், முள்ளின் பருமனுக்குள்ளேயே அது மறைந்துவிடும். இரண்டு ஜோடியிலும் பல் கூட்டுத்தொகை 53 என்பதால் மைய தூரமும் ஒன்றே. கேபிள் உள்ளே வரும் உள்தண்டும் வெளியே போகும் வெளித்தண்டும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. முதல் பெட்டியின் 26 இங்கே பயன்பட்டது, 28 வீண்.

பற்களின் அளவு மொடியூல் 0.8. 27 பல்லின் வெளிவிட்டம் 23.2 மில்லிமீற்றர், 26க்கு 22.4. வெட்டும் ஆழம் 1.8. மொடியூல் கட்டர் தொகுதியில் 5ஆம் இலக்கம் 26இலிருந்து 34 பல் வரைக்கும் ஆகும், ஆகவே ஒரே கட்டரில் நான்கும் முடியும். 40க்கு 1 பிரிக்கும் தலையில் (வட்டத்தைச் சம பங்காகத் திருப்பும் கருவி, பிடியை 40 சுற்றுச் சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்று) 27 பல்லுக்கு 27 துளை வட்டத்தில் ஒரு சுற்றும் 13 துளையும், 26க்கு 39 துளை வட்டத்தில் ஒரு சுற்றும் 21 துளையும். வெட்டத் தொடங்கும் முன் கட்டர் இல்லாமல் ஒரு முழு வட்டம் பென்சிலால் குறித்துப் பார்த்தால் கடைசிப் பல் பாதியாக வரும் ஆபத்து இல்லை. எல்லாச் சிறு பட்டறையிலும் பிரிக்கும் தலை இராது. மலையில் கிடைக்காவிட்டால் கண்டிக்குத்தான் அனுப்ப வேண்டும். பித்தளை உருளையும் தண்டுக்கான உருக்குக் கம்பியும் கூடவே போகட்டும்.

மைய தூரம் கணக்கில் 21.20. பெட்டியில் துளைத்தது 21.25. முதலில் சரியாக 21.20இல் துளைத்த ஒரு தகட்டில் பற்கள் இறுகி, கையால் சுற்றும்போதே ஒவ்வொரு பல்லாக நெருடியது. பெட்டிக்கு மூன்று அலுமினியத் தகடு. இரண்டு முனைத் தகடு, நடுவில் 12 மில்லிமீற்றர் தடிப்பில் ஒன்று. தண்டுகள் 6 மில்லிமீற்றர், பேரிங் 626, ஆறு. உள்தண்டின் உள்முனையும் வெளித்தண்டின் உள்முனையும் நடுத்தகட்டில் முதுகோடு முதுகாக உள்ள இரண்டு பேரிங்கில் நிற்கின்றன. அடித்தண்டு நடுத்தகட்டை ஒரு தளர்ந்த துளை வழியாகக் கடந்து முனைத் தகடுகளில் மட்டும் ஊன்றியிருக்கிறது. மூன்று தகட்டையும் ஒன்றாகக் கவ்விப் பிடித்து ஒரே அமர்வில் துளைக்க வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் தண்டு கோணலாகும்.

கேபிள் நுனி நுழையும் சதுரத் துளை மிகவும் பொறுமை கேட்ட இடம். கம்பியின் நுனியை அளந்ததில் 2.6 சதுரம். தண்டின் முனையில் 2.7 வட்டத் துளை 12 மில்லிமீற்றர் ஆழத்துக்குப் போட்டு, நுனி கூர்மையாக்கிக் கடினப்படுத்திய சதுரக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து மூலைகளை எடுக்க வேண்டும். ஒரேயடியாக அடித்த முதல் தண்டு மூலையில் பிளந்தது. நாலு அடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சுரண்டலைத் தட்டி, ஒயில் விட்டு அடித்தால் பிளக்காது. கேபிள் நட்டுக்கான நிப்பிள்கள் பித்தளையில், கையில் இருந்த நட்டின் மரையைப் பார்த்து லேத்தில் வெட்டியவை. செத்துப்போன ஸ்மித்ஸ் மீட்டர் இரண்டு கிடைத்தால், நிப்பிளும் சதுரத் துளையுள்ள தண்டும் அதிலேயே இருக்கின்றன. அடுத்த தடவை முதலில் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதைத்தான் தேடுவது.

பெட்டியைப் பொருத்தும் முன் நகர்த்திய முள்ளைப் பழைய இடத்தில் வைத்தாக வேண்டும். இரண்டு தேக்கரண்டியை எதிரெதிராகக் கொடுத்து, கீழே அட்டை வைத்து நெம்பினால் முள் கழரும். ஒரு எச்சரிக்கை: முள்ளைப் பூச்சிய ஆணிக்கு மேலாக மெதுவாகத் தூக்கிவிட்டுப் பாருங்கள், அது ஆணிக்குக் கீழே போய்த் தானாக நிற்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போடும்போது அங்கே வைத்து, பிறகு ஆணிக்கு மேலே கொண்டுவர வேண்டும். ஆணியில் நேரே வைத்தால் குறைந்த வேகத்தில் முள் முந்தும். முன்பு முள்ளைப் பிடுங்கும்போது அந்தக் குறி எடுக்காததால், இங்கே துளைக்கும் மெஷினை 736இல் ஓடவிட்டு 30இல் முள்ளை அமர்த்தி, மற்ற வேகங்களைப் பார்த்துப் பார்த்து நாலு தடவை எடுத்துப் போட வேண்டியிருந்தது. கடைசியில் 368க்கு 15, 736க்கு 30, 1104க்கு 44½, 1472க்கு 59. பழைய மீட்டருக்கு இது போதும். சுற்று எண்ணியது, பிரதிபலிக்கும் ஒட்டுத்துண்டைப் பார்க்கும் ஒப்டிகல் டெக்கோமீட்டர். பெட்டியைச் சேர்த்த பின் உள்ளே 682 கொடுத்தால் 30 காட்ட வேண்டும். காட்டியது.

பெட்டி டேஷ்போர்டின் கீழ்த்தட்டுக்கு அடியில் இருக்கிறது. கியர்பொக்ஸ் பக்கத்தில் வைக்க இடமும் இல்லை, ஒயிலும் ஏறும். அங்கிருந்து மீட்டருக்கு, பழைய கேபிள் ஒன்றை வெட்டிச் செய்த 40 சென்ரிமீற்றர் துண்டு. உள்கம்பி உறையின் முனைக்கு வெளியே 3/8 அங்குலம் நீட்டியிருக்க வேண்டும். குறைந்தால் வழுக்கும், கூடினால் மீட்டரின் தண்டை உள்ளே தள்ளும்.

முதல் ஓட்டத்தில் 20 மைலில் முள் ஆடியது. பெட்டியில் குறையில்லை. சிறு கேபிள் 4 அங்குல ஆரத்தில் மடிந்திருந்தது. 6 அங்குலத்துக்குக் குறைய மடிக்கக் கூடாது. பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்ததும் ஆட்டம் நின்றது. காலையில் மட்டும் இன்னும் சற்று ஆடியது. நுவரெலியாக் குளிரில் தடித்த கிரீஸ் இறுகிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. கம்பியை உருவித் துடைத்து, மெல்லிய கிரீஸை விரலால் தடவி, மீட்டர் பக்கத்து 8 அங்குலத்தை உலர்வாக விட்டதில் அதுவும் போனது. அந்த 8 அங்குலத்திலும் கிரீஸ் பூசினால் அது மீட்டருக்குள் ஏறி, முள்ளைத் திருப்பும் கிண்ணத்தைக் காந்தத்தோடு ஒட்டவைக்கும். மூடுபனியில் நிற்கும் வண்டிக்குக் கிரீஸே பூசாமல் விடவும் முடியாது, கம்பி துருப்பிடிக்கும்.

பித்தளைப் பற்களின் இரைச்சல் தகட்டில் எதிரொலித்து 35 மைலுக்கு மேல் ஒரு தும்பி பறப்பது போல் கேட்டது. பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே சைக்கிள் டியூப் இரண்டு மடிப்பு வைத்ததில் பாதி குறைந்தது. 300 மைலுக்குப் பின் திறந்து பார்த்தபோது கிரீஸில் பித்தளைப் பொடி மின்னியது, பற்கள் பழகிவிட்டன. கழுவிப் புதுக் கிரீஸ். அடித்தண்டின் 26ஐயும் 27ஐயும் நைலோனில் வெட்டியிருந்தால் இந்த இரைச்சல் வந்திராது.

வீதியில் சோதிக்கும்போது போனின் ஜிபிஎஸ்ஸை வேகத்துக்கு நம்பலாம், தூரத்துக்கு வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் அது புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டு வளைவை வெட்டிவிடும், தூரம் குறையும். வேகத்துக்கும் ஒரே வேகத்தில் அரை நிமிடமாவது போக வேண்டும். நுவரெலியாவில் கிரெகரி வாவியோரம் அதற்கு வாய்க்கும், அதிகாலையில். தூரத்துக்கு வீதியோரக் கிலோமீற்றர்க் கற்கள். ஒன்றிரண்டு கல் இடம் மாறியிருக்கலாம் என்பதால் நீண்ட தூரம் எடுக்க வேண்டும். அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் ஏ7 வீதியில் 80 கிலோமீற்றர், அதாவது 49.7 மைல். பெட்டி போடுமுன் மீட்டர் கூட்டியது 46. போட்ட பின் 50 பாதிக்கு மேல் உருண்டு தெரிந்தது.

செலவு: லேத், மில்லிங் கூலி 14,500 ரூபா, பேரிங் ஆறுக்கு 1,800, பித்தளையும் அலுமினியமும் 3,200, பழைய கேபிள் 1,500, டெக்கோமீட்டர் 4,500. மொத்தம் 25,500. முதல் பெட்டிக்குப் போன 6,000 இதில் இல்லை. 4.22 டிஃப்பை விற்ற கராஜில், அந்த டிஃப் முன்பு இருந்த வண்டியின் மீட்டரும் மூலையில் கிடந்தது. அந்த மீட்டர் அந்த டிஃப்புக்கென்றே வந்தது, டயரின் வித்தியாசம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். டிஃப்புக்குப் பேரம் பேசும்போதே கேட்டு எடுத்திருந்தால் இந்த வேலையில் முக்கால்வாசி இல்லை.

பெட்டியின் முகப்பில் ஆணியால் கீறியிருக்கிறது: 27/26, 27/26, டிஃப் 4.22, டயர் 155/80. நாளைக்கு யாராவது மலைக்கென்று 4.55ஐத் திரும்பப் போட்டால், முதலில் இந்தப் பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டுக் கேபிளை நேரே மீட்டருக்குக் கொடுக்க வேண்டும்.